பாடு வாத்தியார் எழுதாத வரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மீனவர் பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டம் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, அமைச்சரின் அலுவலகத்திலிருந்து மாலையோடு வந்திருக்கும் திரு. எல்லப்பன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த வேதாசலம் ஐயாவின் துணைவியார் திருமதி தனக்கோடி அவர்களே, பசியாவரத்திலிருந்து படகேறி வந்திருக்கும் சகோதரிகளே, பழவேற்காட்டு மக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

முடியவில்லை என்றால் உட்கார்ந்துகொண்டே பேசலாம் என்று கோதண்டம் அன்போடு சொன்னார். வேண்டாம். தமிழாசிரியர் வேதாசலம் ஐயாவைப் பற்றி உட்கார்ந்துகொண்டு பேச எனக்கு மனம் வராது. ஒலிவாங்கியை மட்டும் கொஞ்சம் தாழ்த்திவிட்டால் போதும்.

இளையவர்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. என் பெயர் பரக்கத் பீவி. இந்த ஊரில் கருவாட்டு மண்டி வைத்திருந்த அப்துல் லத்தீப்பின் மனைவி. அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. வேதாசலம் ஐயாவும் நானும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் தமிழ். நான் பொருளியல். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு ஒரே பேருந்தில் போய் வந்தோம். அந்தப் பேருந்தில்தான் நாங்கள் சண்டை போடக் கற்றுக்கொண்டோம்.

எதற்குச் சண்டை? அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது தெரியாமல் வேதாசலம் யார் என்பது உங்களுக்குத் தெரியாது.

நம் தொகுதிக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் அமைச்சரானார். நல்ல குரல். நல்ல உயரம். ஆனால் பட்ஜெட், விலைவாசி, உற்பத்தி என்று வந்துவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாரோ சொல்லி வேதாசலத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். பேச்சு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதுகிறேன், ஆனால் எண்ணெல்லாம் எனக்கு வராது, எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறார்கள், அவர்கள் சரி பார்த்தால்தான் தருவேன் என்று இவர் சொன்னார். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். சொல் அவருடையது, எண் என்னுடையது. அந்த அமைச்சர் வாயிலிருந்து வந்த எந்தப் புள்ளிவிவரத்தையும் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒருநாளும் தவறென்று காட்டியதில்லை. அதை இங்கே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

ஐயா எழுதிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து படிப்பார். நான் குறுக்கே பேசுவேன். அவர் எதிர்த்துப் பேசுவார். என் கணவர் தேநீர்க் கோப்பையோடு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வந்தவர்களிடம் சொல்வார்: “கொஞ்சம் இருங்க. இவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கினு முடிச்சாத்தான் மந்திரி வாயத் தொறப்பாரு.”

பொருளாதாரப் பேச்சு எப்படித் தயாராகிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சமையல் தெரிந்தவருக்குத்தான் உப்பு எங்கே கூடியது என்று நாக்கு சொல்லும். நான் இன்று உங்களை அடுக்களைக்குள் கூட்டிப் போகிறேன். வேதாசலம் ஐயாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்னால் செய்ய முடியாது.

விலை ஏறினால் என்ன எழுதுவார்கள்? “விலைவாசி உயர்ந்தது.” யார் உயர்த்தினார்? யாரும் இல்லை. கடல் பொங்குவதுபோல அது தானே உயர்ந்தது. விலை இறங்கினால்? “விலைவாசியைக் குறைத்தோம்.” இப்போது ஆள் வந்துவிட்டார் பாருங்கள். ஒரே இலக்கணம்தான். தன்வினை, பிறவினை. பள்ளியில் மதிப்பெண்ணுக்குப் படித்தது, மேடையில் ஆட்சியைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. கான்வென்டில் எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சகோதரிகள் இலக்கணத்தில் ஒரு பிழை பொறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்தில் இல்லாத ஒன்று நம் தமிழில் இருக்கிறது. ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. பொருளாதாரம் பேசுகிறவர்கள் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். சாதித்தது யார்? “நாங்கள் சாதித்தோம்.” அதில் நீங்கள் இல்லை. வயிற்றைக் கட்ட வேண்டியது யார்? “நாம் தியாகம் செய்ய வேண்டும்.” அதில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

இதெல்லாம் ஐயாவுக்குத் தெரியும். தெரியும் என்ன, அவரே எழுதியும் கொடுத்திருக்கிறார். இறந்துபோனவரைப் புனிதராக்கும் பழக்கம் எனக்கு இல்லை. எண்ணை எப்போது சொல்ல வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எந்தச் சொல்லுக்குப் பிறகு கைதட்டல் வரும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் ஒன்றே ஒன்றுக்கு அவர் கடைசிவரை இணங்கியதில்லை. ‘படும்.’

தலைமைச் செயலகத்திலிருந்து வரும் குறிப்புகளில் எல்லா வரியும் அப்படித்தான் முடியும். வழங்கப்படும். உயர்த்தப்படும். பரிசீலிக்கப்படும். அமைக்கப்படும். ஐயா சிவப்பு மையை எடுத்து ஒவ்வொன்றையும் சுழிப்பார். ஒருநாள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “இலக்கணத்துல இதுக்குப் பேரே செயப்பாட்டு வினை, டீச்சர். செய்யறவன் மறைஞ்சுக்கினான். பாடு மட்டும் நிக்குது. இத்தன ‘படும்’ இருக்குதே, இதுல படறது யாரு?”

அந்தச் சொல்லில்தான் அவர் வாழ்க்கை திரும்பியது. பாடு.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் ஏரியில் மீன் வந்து நிற்கும் இடங்கள் சில உண்டு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று குப்பத்தார் கூடிச் சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று உன் பாடு என்றால் உன் முறை. வலுத்தவனும் அதில் கை வைக்க முடியாது, புதுப் படகு வைத்திருப்பவனும் முந்த முடியாது. குறையே இல்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன். என் வீட்டாருக்கு அதில் பங்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை. இன்னும் பலருக்கு இல்லை. அதற்காகவும் ஐயாவோடு சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஏரியில் ஒருவன் மட்டும் தின்று மற்றவர் பட்டினி கிடக்காமல் காத்தது அதுதான். ஏரிக்கரையில் விடியும்போது முதலில் காதில் விழும் கேள்வி என்ன? “இன்னிக்கு பாடு யாருக்கு?”

இந்த ஏரிக்கு வெளியே ‘பாடு’ என்றால் என்ன? கஷ்டம். துன்பம். ‘உன் பாடு’ என்றால், நீயே பார்த்துக்கொள், எனக்குச் சம்பந்தமில்லை.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். உங்களில் வயதானவர்கள் அங்கே இருந்தீர்கள்.

முகத்துவாரத்துப் பக்கத்து இடங்களை இறால் பிடிக்க ஒரு வெளியூர்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடப்போவதாகப் பேச்சு கிளம்பியிருந்தது. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, வளர்ச்சி என்று பேசி ஊரைச் சமாதானப்படுத்த அமைச்சர் வருவதாக இருந்தது. பேச்சை எழுத வேண்டியவர் வேதாசலம். இந்த ஊரில் பிறந்தவர். அண்ணன் தம்பியெல்லாம் ஏரியில் இருப்பவர்கள். அவர் அமைச்சரிடம் நேரில் போய்ச் சொன்னார்: வளர்ச்சியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு வரி இருக்க வேண்டும், அதை நீங்கள் விடாமல் படிக்க வேண்டும். அந்த வரி இதுதான்: “உங்கள் பாடு உங்களுக்கே.”

அமைச்சர் ஒப்புக்கொண்டார். நம் தொகுதிக்காரர் அல்லவா, அவருக்குப் பொருள் விளங்கியது. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு நகரத்து அலுவலகத்துக்குப் போனது. அங்கே தமிழ் நன்றாகப் படித்த ஒருவர் இருந்தார். அவர் இந்த வரியைப் பார்த்துப் பதறிப்போனார். ஓர் அமைச்சர் மக்களைப் பார்த்து, உங்கள் கஷ்டம் உங்களோடு என்று சொல்வதா? நாளைக்குப் பத்திரிகையில் என்ன வரும்? உடனே திருத்தினார். நல்லெண்ணத்தோடுதான் திருத்தினார். அழகாகவே திருத்தினார். அமைச்சர் கார் ஏறும்போது தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்தார்கள்.

டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் மேடை. அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்குமே, அவற்றைக் காட்டி ஐயா என்னிடம் மெல்லச் சொன்னார்: “மந்திரிங்க பேச்ச முழுசா நின்னு கேக்கறது இந்த ஊர்ல இதுங்க மட்டுந்தான்.” நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அமைச்சர் ஏற்றுமதி பற்றிப் பேசினார். என் எண்களை அழகாகச் சொன்னார். பிறகு தாளை ஒருமுறை பார்த்தார். குரலை உயர்த்தினார்.

“இன்று உங்கள் முன் சத்தியம் செய்கிறேன். உங்கள் பாட்டை அடியோடு ஒழிப்பேன்.”

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார். அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தாளிலேயே கோடு போட்டிருந்தது.

ஒரு கைகூடத் தட்டவில்லை. ஏரிக் காற்று மட்டும் ஒலிவாங்கியில் அடித்தது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து காசியம்மாள் எழுந்தாள். பசியாவரத்து மீன்காரி. இன்று அவள் உயிரோடு இல்லை, அவள் பேத்திகள் இங்கே இருக்கிறார்கள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

“இன்னா சொன்ன நைனா? இன்னொரு தபா சொல்லு.”

அதற்குப் பிறகு முழு மைதானமும் எழுந்து நின்றது. படித்த வேகத்தில் என்ன சொன்னோம் என்று அமைச்சருக்கே புரியவில்லை. தாளைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார். வேதாசலம் மேடை ஏறினார். பின்னால் வந்து இரண்டு வரியில் காதில் சொன்னார். அமைச்சர் முகம் வெளுத்துவிட்டது. ஒலிவாங்கி திறந்தே இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அதனால் அடுத்துப் பேசியதை ஊரே கேட்டது.

அமைச்சர் சொன்னார்: “நான் தப்பா படிச்சுட்டேன்னு சொல்லிடறேன்யா.”

வேதாசலம் சொன்னார்: “நீங்க படிச்சதுல தப்பு இல்லீங்க. எழுதனதுதான் தப்பு. ஆனா இவங்களுக்கு அது பத்தாது. ஒழிக்கறீங்களா, விட்டு வைக்கறீங்களா? அத உங்க வாயால சொல்லுங்க.”

யோசித்துப் பாருங்கள். பேச்சு எழுதித் தருகிறவர் அமைச்சரிடம் இப்படிப் பேசலாமா? நாலு பேர் முன்னால் பேசலாமா? பேசினார். அமைச்சர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தாள் இல்லாமல் அவர் பொருளாதாரம் பேசியது அன்று ஒருநாள்தான். “பாடு உங்களுக்கே. எவனும் அதுல கை வைக்க மாட்டான். நான் இருக்கற வரைக்கும் விட மாட்டேன்.” அவ்வளவுதான். ‘படும்’ இல்லை. ‘நாம்’ இல்லை. செய்கிறவர் யார் என்று வாக்கியத்திலேயே இருந்தது. ஊர் முழுக்கக் கேட்ட வாக்கு, பின்னால் விழுங்க முடியவில்லை. குத்தகைப் பேச்சு அடங்கியது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகத்தில் ஒரு கதை கட்டினார்கள். வேதாசலம் வேண்டுமென்றே அந்தச் சொல்லைப் போட்டுப் பொறி வைத்தார் என்றார்கள். அவரைக் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று பத்திரிகைக்குச் சொல்லிவிடுங்கள், பழையபடி எழுதலாம், மேல்சபைக்குக்கூடப் பெயர் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அவர் சொன்ன பதிலை அன்று மாலையே எங்கள் வீட்டில் வந்து சொன்னார். என் கணவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்தார். ஐயா சொன்னது இதுதான்:

“அடுத்தவன் எழுதன வரிய என் பேர்ல போட்டுக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

மறுபடி அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை. ஊர் மட்டும் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தது. பாடு வாத்தியார். வெளியூர்க்காரர்கள் பாட்டு வாத்தியார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் ஆர்மோனியம் எங்கே என்று தேடுவார்கள். தனக்கோடி சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்து அனுப்புவார்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பழைய கதையை இன்று ஏன் சொல்கிறேன்? அழுவதற்கு வந்த இடத்தில் இலக்கணம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் என் கையில் இருக்கிறது. இதோ, இந்தத் தாள்.

முந்தாநாள் திரு. எல்லப்பன் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் வந்தார். பழங்கூட வாங்கி வந்தார். இந்தத் தாளைக் கொடுத்து, “ரெண்டு நிமிஷம்தான் டீச்சர், அப்படியே பாத்துப் படிச்சிட்டாப் போதும்” என்றார். மேடையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அவர் என்னை நிமிர்ந்து பார்க்கலாம். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உங்களுக்காகப் படிக்கிறேன்.

“முகத்துவாரத்தில் அமையவிருக்கும் கடல்சார் பொருளாதார மண்டலம், மறைந்த புலவர் வேதாசலனாரின் கடைசி ஆசை. அதனால் மீனவர் வாழ்வாதாரம் மேம்படுத்தப்படும். மாற்று இடங்கள் வழங்கப்படும். இழப்பீடு பரிசீலிக்கப்படும். நாம் அனைவரும் சிறிது விட்டுக்கொடுத்தால் நாளை நம் பிள்ளைகள் வாழ்வார்கள்.”

கேட்டீர்களா? இதில் எத்தனை ‘படும்’ என்று ஐயா இருந்திருந்தால் சுழித்துக் காட்டியிருப்பார். அந்த ‘நாம்’ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? விட்டுக்கொடுக்கும் இடத்தில்.

நான் எல்லப்பனிடம் கேட்டேன், இதை எழுதியது யார் என்று. ஆபீசில் தயார் செய்தது என்றார். வேதாசலம் இப்படிச் சொல்லி யார் கேட்டார்கள் என்று கேட்டேன். “அவரு சொன்னாருன்னு இல்ல டீச்சர். அவரோட உணர்வு. உணர்வத்தான் எழுதியிருக்காங்க” என்றார். மண்டலத்தின் வாசலில் வேதாசலனார் பெயரில் வளைவு வைக்கப்போவதாகவும் சொன்னார். வரும் வெள்ளிக்கிழமை இதே மைதானத்தில் இப்போதைய அமைச்சர் பேசும்போது, வேதாசலனாரோடு பணியாற்றிய பரக்கத் டீச்சரே இரங்கல் கூட்டத்தில் சொன்னார்களே என்று எடுத்துக் காட்டுவார்களாம்.

அப்போது எனக்குப் புரிந்தது. இங்கே இறந்துபோனவருக்கு மாலை போட வரவில்லை. வெள்ளிக்கிழமைப் பேச்சுக்கு ஒரு வரி எடுத்துப் போக வந்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அடுத்தவன் வரியைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள மறுத்து வெளியே வந்த மனிதருக்கு, கண்ணை மூடியதும் அடுத்தவன் வரியைப் போர்த்திவிடுகிறார்கள். அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். முகத்துவாரம் போனால் பாடு ஏது? பாடு போனால் விடியற்காலையில் கேட்க என்ன மிச்சம்? அந்தக் கேள்வியைக் காப்பாற்றியவர் பெயரிலேயே அதை மூடுவார்களாம்.

தாளை எடுத்துக்கொண்டு தனக்கோடியிடம் போனேன். படித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு நெருங்கி வந்தார்கள். தனக்கோடி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார். அவர் அனுமதியோடு அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

“கடைசி ஆசைன்னா எழுதிக்கினு வந்தாங்க? நான்தானே தலமாட்டுல குந்தினு இருந்தேன். அந்த மனுசன் கடைசியா கேட்டது ஒரு வாய் மோரு. அதுலயும் உப்பு பத்தலன்னு சொன்னாரு.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் அப்போதுதான் முதல் முறையாக எல்லாரும் சிரித்தோம். பிறகு தனக்கோடி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மாலைய வாங்கிக்கறேன், டீச்சர். இந்த வரிய வாங்கிக்க மாட்டேன்னு சொல்லிடு.”

சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். முகத்துவாரத் திட்டம் வேதாசலத்தின் ஆசை அல்ல. முதல் ஆசையும் அல்ல, கடைசி ஆசையும் அல்ல. இனி எந்த மேடையில் எவர் அப்படிச் சொன்னாலும், பழவேற்காட்டில் ஆயிரம் காதுகள் இதைக் கேட்டன என்று பதில் சொல்லுங்கள்.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்கிறேனா? பொருளியல் கற்பித்தவள், அப்படிச் சொல்ல மாட்டேன். மீஞ்சூர் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேலை வேண்டும். ஆனால் வேலை தருகிறவன் யார், யாருக்குத் தருகிறான் என்று வாக்கியத்தில் இருக்க வேண்டும். எழுவாய் இல்லாத வாக்கியத்தை நம்பி ஏரியைக் கொடுக்க முடியாது.

வேதாசலம் ஐயாவின் பணியைத் தொடர்வோம் என்று இதற்கு முன் பேசிய எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். நல்லது. எப்படித் தொடர்வது என்று நான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் மைதானத்துக்கு வாருங்கள். நாற்காலி வீச வேண்டாம், கோஷம் போட வேண்டாம். காசியம்மாள் கோஷம் போட்டாளா? உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். கைதட்டலுக்காக அமைச்சர் நிற்கும் இடம் வரும். அது எந்த இடம் என்று எனக்கு நன்றாகவே தெரியும், அந்த இடங்களை வகுத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது தட்டாதீர்கள். ஏரிக்கரையில் தினமும் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள், அதே குரலில், அதே அமைதியோடு. இன்னிக்கு பாடு யாருக்கு?

பதில் வரும்வரை உட்கார்ந்திருப்போம். நான் முதலில் கேட்கிறேன். எனக்கு அந்த ஏரியில் பாடு கிடையாது. அதனால் என் வாயை எதைக் காட்டியும் அடைக்க முடியாது.

திரு. எல்லப்பன் அவர்களே, உங்கள் தாளை இதோ திருப்பித் தருகிறேன். பழக்கம் விடவில்லை, ‘படும்’ என்று முடியும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். ஐயாவின் பெயர் இருந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன், அது உங்களுக்குச் சொந்தமில்லை. மற்றதைத் திருத்தி எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள்.

முன்வரிசையில் நாங்கள் இருப்போம். நாங்கள் என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். நாம் என்று சொல்வதா என்பதை, நீங்கள் திருத்திக்கொண்டு வருவதைப் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்கிறோம்.